பாதையற்ற வழியிற் பழுதுபார்த்தல்

கல்லூரி விழா மலரொன்றில், சேற்றிற் புதைந்த மோட்டார் வண்டியையும் முறிந்த ஸ்பிறிங் தகட்டையும் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு அன்பர் சிலர் நகைத்தல் கூடும். சமயம், மொழி, ஆசிரியர் பெருமை, விளையாட்டு வெற்றி என்பனவே இத்தகைய மலர்க்கு உரிய பொருள்கள் என்றும், கராச்சிற் பேச வேண்டியதனை இங்கே பேசுவானேன் என்றும் அவர் வினவுவர். வினா நியாயமானதே. அதற்கு எம் விடை இது: பட்டறையும் உதிரிப்பாகமும் எட்டாத இடத்திலே, கையில் உள்ளதனைக் கொண்டு வண்டியை மீண்டும் ஓடச்செய்யும் திறத்தை வெறுங் கைத்தந்திரம் என யாம் கருதவில்லை. பழுதின் காரணம் அறிதல், பொருளின் இயல்பு அறிதல், தன் வேலையின் எல்லை அறிதல் என்னும் மூன்றும் கூடியவிடத்தே அது பிறக்கின்றது. இம்மூன்றையுமே நாம் கல்வி என்று சொல்லுகின்றோம். ஆகவே இப்பொருள் கல்லூரிக்கு உரியது.

இத்திறம் பற்றி நம்மிடையே இருவகைக் கருத்துகள் உலாவுகின்றன. ஒரு சாரார் இதனை ‘ஒட்டுவேலை’ என்று இகழ்வர். கம்பியாற் கட்டுவதும் துணியாற் சுற்றுவதும் படியாதவன் வேலை என்பது அவர் எண்ணம். மற்றொரு சாரார் இதனை அளவின்றிப் புகழ்வர். ஒன்றும் இல்லாமலே எல்லாஞ் செய்வான் நம்மவன் என்று அவர் மார்தட்டுவர். இருசாரார் கூற்றும் பொருந்தாது என்பதே எம் துணிபு. இகழ்வோர் அவ்வேலையுள் அடங்கிய அறிவைக் காண்கிலர்; புகழ்வோர் அதனுள் அடங்கிய ஆபத்தைக் காண்கிலர். உலகறிந்த சில நிகழ்ச்சிகளை எடுத்து ஆராயின் இஃது இனிது விளங்கும்.

முதலில் லிபியப் பாலைவனத்தை நோக்குவோம். பிரித்தானியப் படை அதிகாரியாகிய றால்ஃப் பாக்னோல்ட் என்பார் 1920 களின் பிற்பகுதியில் எகிப்திற் பணிபுரிந்த காலத்தே, நண்பர் சிலருடன் போர்ட் வண்டிகளில் ஏறி, அதுகாறும் மோட்டார் செல்லாத மணற்பரப்பினுள்ளே பயணஞ் செய்தார். அங்கே அவருக்கு முதற்பகை நீர்ப்பஞ்சம். தளர்ந்த மணலில் வண்டி திணறுந்தோறும் றேடியேற்றர் நீர் கொதித்து ஆவியாய் வெளியேறிற்று. குடிநீரை வண்டிக்கு ஊற்றினால் மனிதர் மாள்வர். ஊற்றாவிட்டால் வண்டி நிற்கும். வண்டி நின்றாலும் மனிதர் மாள்வர். பாக்னோல்ட் கண்ட வழி மிக எளியது. ஆவி வெளியேறும் வழியை அடைத்து, அதனை ஒரு குழாய் மூலம் வண்டியின் பக்கத்திற் கட்டிய தகரத்திலுள்ள நீரினுட் செலுத்தினார். ஆவி அங்கே குளிர்ந்து நீராயிற்று. தகரத்து நீரும் கொதிக்கத் தொடங்கியதும் வண்டியைக் காற்றை நோக்கி நிறுத்துவர். றேடியேற்றர் குளிர, உள்ளே அமுக்கம் குறையும். தகரத்து நீர் தானாகவே உறிஞ்சப்பட்டுப் பழைய இடத்தை அடையும். ஒரு பழந் தகரமும் ஒரு துண்டுக் குழாயுமே அதற்கு வேண்டிய பொருள்கள். ஆனால் ஆவி ஒடுங்குதலையும் வளியமுக்கத்தையும் அறியாதவன் கையில் அவ்விரண்டும் குப்பையேயாகும்.

புதைந்த சில்லுகளை மீட்டற்கு அவர் கையாண்டவை உருக்குத் தவாளிப்புகள். முதலாம் உலகப் போரிலே பதுங்குகுழிகளுக்குக் கூரையிடச் செய்யப்பட்ட அவற்றைக் கெய்ரோவின் பழைய இரும்புக் கடையொன்றிற் கண்டெடுத்து, சில்லுகளின் முன் இட்டு வண்டிகளை ஏற்றினார். ரயர்களிற் காற்றைக் குறைத்து மணலைக் கடத்தலும் அவர் போன்றோர் கைக்கொண்ட முறையே. ரயர் தட்டையாகும்போது நிலத்தைத் தொடும் பரப்பு மிகும். பரப்பு மிக, அமுக்கம் குறையும். வண்டி மணலின்மேல் நிற்கும். கீழ்வகுப்பு மாணவனும் கரும்பலகையில் எழுதிக் காட்டக்கூடிய விதி இது. எனினும் கடுநிலத்தை அடைந்தவுடன் காற்றை மீண்டும் நிரப்புதல் வேண்டும். அன்றேல் ரயர் சூடேறி வெடிக்கும். செய்ததனை உரிய வேளையில் மாற்றுதலும் அத்திறத்தின் பகுதி என்பதனை இங்கே குறித்துக்கொள்வோமாக.

பாக்னோல்ட் 1940 இல் எகிப்திலே ‘நெடுந்தூரப் பாலைவன அணி’யை அமைத்தபோது, நாடியது நியூசிலாந்துப் படையினரை. அவருட் பெரும்பாலோர் பண்ணைகளிலே பொறிகளைத் தாமே பேணிப் பழகியவர்கள். மணலோடு மல்லாடிய அதே பாக்னோல்ட், காற்றில் மணல் செல்லும் இயல்பை ஆராய்ந்து 1941 இல் நூலொன்று வெளியிட்டார். 1944 இல் இலண்டன் றோயல் சங்கத்தின் அங்கத்தவராகத் தெரியப்பட்டார். தகரத்தைக் குழாயோடு பொருத்திய கையும் விஞ்ஞான நூல் எழுதிய கையும் ஒன்றே என்பதை ‘ஒட்டுவேலை’ என்று இகழும் அன்பர்கள் எண்ணிப்பார்ப்பாராக.

இனி, காட்டிலும் மேட்டிலும் வண்டி செலுத்துவோர் வழிவழியாக அறிந்துள்ள சிறு வைத்தியங்கள் சிலவற்றைக் காண்போம். கசியும் றேடியேற்றரில் முட்டையின் வெண்கருவை ஊற்றுவர். வெண்கரு ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் இறுகத் தொடங்குவது. ஓடும் வண்டியின் நீரோ 80 பாகைக்கும் மேற்பட்ட வெப்பமுடையது. ஆதலின் நீரோடு சென்ற வெண்கரு துவாரத்தை அடைத்து இறுகும். பெற்றோல் தாங்கியிற் சிறு கசிவு நேரின், கட்டிச் சவர்க்காரத்தை அவ்விடத்தில் அழுத்தித் தேய்ப்பர். பல பசைகள் பெற்றோலிற் கரைந்துபோக, சவர்க்காரம் அதிற் கரையாது நிற்பதே காரணம். ஸ்பிறிங் தகடு முறிந்தால், மரக்கட்டையொன்றை அச்சுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையே செருகிக் கயிற்றாலோ கம்பியாலோ இறுகக் கட்டி, ஆள் நடக்கும் வேகத்திற் செலுத்துவர். பழைய லாண்ட் றோவரின் பின்னச்சிலே உட்டண்டொன்று முறிந்தால், நான்கு சில்லு இயக்கத்தைப் பூட்டி, முன்சில்லுகளின் வலிமையால் ஊர் சேர்வர். வெல்டிங் பொறி இல்லாவிடத்தே, இரண்டு மூன்று பற்றறிகளைத் தொடராக இணைத்து, அம்மின்னால் இரும்பை உருக்கி ஒட்டுவோரும் உளர்.

இவை ஒவ்வொன்றும் ஒரு பாடம். ஒவ்வொன்றிலும் ஓர் எச்சரிக்கையும் உண்டு. துவாரத்தை அடைத்த வெண்கரு றேடியேற்றரின் நுண்குழாய்களையும் அடைக்கும். ஊர் சேர்ந்ததும் கழுவாவிடின் வண்டி வெந்துபோகும். சவர்க்காரம் காய்ந்து உதிரும். கட்டிய மரம் இளகி நழுவும். பற்றறியிலிருந்து எழும் ஐதரசன் வாயுவில் ஒரு பொறி பட்டால் பற்றறி வெடித்துக் கண்ணைக் கெடுக்கும். செய்முறையை மாத்திரம் கேட்டறிந்தவன் இவற்றை மறப்பான். காரணத்தைக் கற்றவன் மறக்கமாட்டான். செய்முறைக் குறிப்பு ஒரு பழுதுக்கே உதவும். காரண அறிவோ அதுவரை எவரும் காணாத பழுதுக்கும் உதவும்.

எவரும் காணாத பழுது என்றவுடன், மனிதன் சென்றவற்றுள் மிகத் தொலைவான பாதையற்ற வழி எம் நினைவுக்கு வருகின்றது. 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 இற் சென்ற யூஜின் சேர்ணன், ஹரிசன் ஷ்மிற் என்னும் இருவரும் சந்திரனிலே மின்பற்றறியால் ஓடும் வண்டியொன்றைச் செலுத்தினர். சேர்ணனது உடையிலிருந்த சுத்தியல் மாட்டியமையால், வலப்பக்கப் பின்சில்லின் மட்காட்டில் ஒரு பகுதி உடைந்து கழன்றது. பூமியில் இஃது அற்பச் செய்தி. சந்திரனிலோ, சில்லு வாரியெறியும் கருந்தூள் மழைபோற் பொழிந்து, உடையையும் கருவிகளையும் மூடும். அத்தூள் அரம்போல் அராவுவது. வெயிலின் வெப்பத்தை ஈர்ப்பது. பற்றறிகளின்மேற் படியின் அவை அளவுக்கு மேற் சூடேறும்.

சேர்ணன் முதலிற் செய்தது ஒட்டு நாடாவால் அத்துண்டை ஒட்டியது. தூள் படிந்த பரப்பில் நாடா பற்றவில்லை. சிறிது தூரம் ஓடியபின் துண்டு விழுந்துவிட்டது. அன்றிரவு பூமியிலிருந்த பொறியியலாளர் கூடி ஆராய்ந்தனர். விண்வெளி வீரர் ஜோன் யங் அம்முறையைப் பூமியிற் செய்துபார்த்தார். மறுநாட் காலை சந்திரனிலிருந்தோர், தடித்த படத்தாள்கள் நான்கினை நாடாவால் ஒன்றாக ஒட்டி, விண்கலத்தின் விளக்குகளுக்குரிய கவ்விகள் இரண்டினால் மட்காட்டிலே பொருத்தினர். அது நிலைத்தது. முதலாம் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் உள்ள வேற்றுமையை மாணவர் கூர்ந்து நோக்குவாராக. தூளில் நாடா பற்றாது. கவ்விக்கோ பரப்பின் தூய்மை வேண்டியதில்லை, இறுக்கமே போதும். முறை ஏன் தவறிற்று என்று கேட்டவர்க்கே மறுமுறை கிட்டியது. உலகின் தலைசிறந்த ஆய்வுகூடங்களை உடையோரும் இறுதியிற் படத்தாளையும் கவ்வியையும் நாடினர் என்பதிலே தாழ்வு யாதுமில்லை. அப்படத்தாள் மட்காட் பூமிக்குக் கொண்டுவரப்பட்டு, வாஷிங்டன் நகரின் தேசிய வான்வெளி நூதனசாலையிற் பேணப்படுகின்றது.

சந்திரனை விட்டு நம் ஊர்க்கு வருவோம். பாலைவனமும் சந்திரனும் தாமே தேடிச்சென்றோர் கண்ட வழிகள். நம் மக்களுக்கோ அத்தகைய வழி வீட்டு வாசலிலேயே வந்து வாய்த்தது. 1990 இற் பொருளாதாரத் தடை வந்தபின், யாழ்ப்பாணத்திற் பெற்றோல் மருந்துபோல் அரிதாயிற்று. வீதிகள் குண்டுங் குழியுமாயின. அந்நாளிலே பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை எம் தலைமுறையினர் கண்ணாரக் கண்டனர். சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை ஊற்றி இயந்திரத்தைத் தொடக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. சூடான இயந்திரத்தில் ஆவியாகும். பழைய கார்களின் நெருக்கு விகிதம் குறைவாதலின் அந்த எரிபொருளையும் ஒருவாறு பொறுத்தன. மேல்நாட்டில் முன்னரே பேர்கசன் உழவியந்திரங்களுள் ஒருவகை இதே முறையில் ஓடுமாறு அமைக்கப்பட்டிருந்தது. நம் கராச்சுக்காரர் அதனைத் தம் அனுபவத்தாற் கண்டு, நோயாளரையும் கருப்பிணித் தாய்மாரையும் ஆசுபத்திரிக்குக் கொண்டுசேர்த்தனர். அவர்தம் பெயர் எந்த விழா மலரிலும் வந்ததில்லை. அவர்களுக்கு யாம் தலை வணங்குகின்றோம்.

ஆயினும் அக்காலத்தைப் பற்றி இன்று மேடைகளிற் கேட்கும் புகழ்ச்சியை எம்மால் ஏற்க இயலவில்லை. தட்டுப்பாடே திறமையின் தாய் என்றும், அந்நாட்களிலேயே நாம் தலைநிமிர்ந்து வாழ்ந்தோம் என்றும் சிலர் பேசுகின்றனர். மண்ணெண்ணெய் முற்றாக எரியாது புகைந்தது, எஞ்சியது கீழிறங்கி இயந்திர எண்ணெயோடு கலந்து அதன் வழுவழுப்பைக் கெடுத்தது, இயந்திரங்கள் தேய்ந்தன. அப்புகையைச் சுவாசித்தோர் மனிதர். நேரத்துக்கு வண்டி கிளம்பாத வேளைகளும் இருந்தன. அவ்வேளைகளின் கதையைச் சொல்ல இன்று மேடை ஏறுவோர் இலர். இடர் வந்தவிடத்துக் காட்டிய திறத்தைப் போற்றுவோம். இடரையே போற்றுதல் தகாது. கைக்கட்டு நன்றாகப் போடப்பட்டது என்பதற்காகக் கை முறிந்ததை எவரும் கொண்டாடுவதில்லை.

இங்கேதான் எம் கருத்தின் உயிர்நிலை உள்ளது. வழியிடைப் பழுதுபார்த்தல் வண்டியை வீடு சேர்ப்பதற்கு உரிய வேலை. வீடு சேர்ந்தபின் அதனை அவிழ்த்துச் செவ்வனே திருத்துதல் அதன் இரண்டாம் பாதி. நம்மிடையே முதற்பாதி மிகச் சிறப்பாய் நடைபெறுகின்றது. இரண்டாம் பாதி நடைபெறுவதில்லை. காட்டிற் கட்டிய கம்பி ஊரிலும் ஆண்டுக்கணக்காய் நிற்கின்றது. ஒரு சில்லின் பிறேக் குழாய் வெடித்தால், அதனை மடித்து நசுக்கி அடைத்து, எஞ்சிய மூன்று சில்லுகளின் பிறேக்கோடு மெல்ல ஊர் சேர்தல் அறிவுடைமை. அதே வண்டியில் மறுநாட் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லுதல் பெருங் குற்றம். செய்த வேலை ஒன்றே. முதல்நாள் அதனை அறிவுடைமை என்றோம், மறுநாட் குற்றம் என்கின்றோம். இவ்வேறுபாட்டை உணர்த்துவது எந்தச் சுத்தியலும் அன்று, மனச்சான்றே. ஆதலின் இத்திறத்தை ஒழுக்கத்தோடு சேர்த்தே கற்பித்தல் வேண்டும் என்கின்றோம்.

“இக்காலத்து வண்டிகள் கணினி பொருந்தியவை, மூடிய பெட்டிகளைத் திறந்து யார் என்ன செய்ய முடியும்? பழைய லாண்ட் றோவரோடு அக்கலையும் முடிந்தது” என்று இளையோர் சிலர் கூறுவர். அக்கூற்றில் உண்மை உண்டு. கலப்பு மின் வண்டிகளிலே செம்மஞ்சள் நிற உறையிட்ட வயர்கள் உயிர்க்கொல்லி மின்னைக் கொண்டுள்ளன. பயிலாதவர் அவற்றை வழியிலே தொடுதல் கூடாது. தொடலாகாதது எது என்று அறிந்து கையை மடக்குவதும் இத்திறத்தின் பகுதியே. எனினும், இளகிய பற்றறி முனை, எரிந்த பியூஸ், அறுந்த பட்டி, கசியும் நீர்க்குழாய், ஆணி ஏறிய ரயர் ஆகியவை கணினிக் காலத்திலும் வண்டியை நிறுத்துகின்றன. 2020 மார்ச்சு முதல் வாகன இறக்குமதி தடைப்பட்டு, 2025 இல் மீண்டும் திறக்கப்படும் வரையில், இந்நாட்டார் பழைய வண்டிகளையே பேணி ஓட்டினர். 2022 இன் எரிபொருட் பஞ்சத்தையும் மறந்தார் இலர். பழுதுபார்க்கும் அறிவு பழங்காலத்தோடு கழிந்தது என்று இவ்வனுபவத்தின் பின்னரும் சொல்லலாகுமோ?

இனிக் கல்லூரியை நோக்கிச் சில சொற்கள். ஆவி ஒடுங்குதல் பற்றிய வினாவுக்குப் பரீட்சையிற் சிறப்புப் பெறும் மாணவன், கொதிக்கும் றேடியேற்றரின் மூடியை உடனே திறக்கலாகாது என்பதனை அறியாதிருப்பதை நாம் காண்கின்றோம். மறுபுறத்தே, கைவேலையில் வல்ல கராச்சுத் தொழிலாளி, தான் செய்வதற்குக் காரணம் சொல்ல இயலாது, ஆண்டாண்டாய் ஒரே தவறைத் தொடர்கின்றான். ஒருவனுக்குக் கை கொடுக்கவில்லை நம் கல்வி. மற்றவனுக்கு நூல் கொடுக்கவில்லை. இப்பிளவுக்கு அடியில் இருப்பது பழைய நோய். கையிற் கரி படியும் தொழில் தாழ்ந்தது, மேசையடித் தொழில் உயர்ந்தது என்னும் எண்ணம் நம் சமூகத்தில் வேரோடியுள்ளது. அதனை மேடையிற் கண்டிப்பது எளிது. பாடவேளையில் மாற்றிக் காட்டுவதே கல்லூரிக்கு அழகு.

விழாக் காலங்களில் நுழைவாயில் வளைவும் பளிங்குக் கல்வெட்டும் எழுப்புதல் வழக்கம். அவை வேண்டாமென்று யாம் வாதிக்கவில்லை. அவற்றுக்கு முன்னதாக, விளையாட்டு மைதானத்தின் ஒரு மூலையிற் கூரையிட்ட கொட்டகை ஒன்றும், ஓட்டம் ஓய்ந்த பழைய ஜீப் வண்டி ஒன்றும், ஒரு பெட்டி ஸ்பனரும் வேண்டும் என்று பழைய மாணவர் சங்கத்தாரைக் கேட்கின்றோம். பௌதிக ஆசிரியர் ஒருவரும் பட்டறையிற் பழகிய மூத்த தொழிலாளி ஒருவரும் அங்கே அருகருகே நின்று கற்பிக்கட்டும். அத்தொழிலாளியை மாணவர் ‘ஐயா’ என்றே அழைக்கட்டும். ஒவ்வொரு பழுதுக்கும் காரணம் யாது, வழியிற் செய்தது யாது, பின்னர் அவிழ்த்துத் திருத்தியது யாது என்னும் மூன்றையும் ஒரு கொப்பியிற் பதியட்டும். மூன்றாம் பத்தி நிரப்பப்படாத பக்கத்துக்குப் புள்ளி வழங்காதிருக்கட்டும்.

இங்கே கற்ற மாணவர் அனைவரும் பொறியியலாளராவர் என்று யாம் நம்பவில்லை. அஃது எம் விருப்பமும் அன்று. வைத்தியராயினும், வழக்கறிஞராயினும், ஆசிரியராயினும், நடுவழியில் ஒன்று பழுதுபடும்போது திகையாது நின்று, காரணம் தேடி, உள்ளது கொண்டு ஒப்பேற்றி, அதனோடு அமையாது பின்னர் செவ்வனே திருத்தும் மக்கள் நாட்டுக்கு வேண்டும். நம் நாட்டின் பல அமைப்புகள் இன்றும் என்றோ ஒருநாட் கட்டிய கம்பியோடேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை அவிழ்த்துத் திருத்துவார் எங்கிருந்தோ வருவார் அல்லர்; நம் வகுப்பறைகளிலிருந்தே வருதல் வேண்டும். அதற்கு முதற்படியாக இவ்விழா ஆண்டிலேயே அக்கொட்டகைக்குக் கால்கோள் செய்வோமாக.